முதுகில் ஏறும் குளிர்! வன்னியம்பட்டியிலிருந்து மலைக்குப் போகும் தூளி

வன்னியம்பட்டியில் நின்று மேற்கே பார்த்தால் மலை தெரியும். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்துக்கே அதுதான் அடையாளம். கீழே ரோடு வெயிலில் கொதிக்கும் மதியத்திலும் மலை உச்சியில் ஒரு மேகம் ஹாயாக உட்கார்ந்திருக்கும். 'அந்தக் குளிர்ல ஒரு ராத்திரி படுத்து எந்திரிச்சா எப்படி இருக்கும்?' என்று நினைக்காத ஆள் இந்தப் பக்கம் குறைவு.

இப்போது அந்த ஆசைக்கு ஒரு பை கிடைத்திருக்கிறது. இரண்டு மரங்களுக்கு நடுவே கட்டித் தூங்கும் ஹம்மாக். கைக்குள் அடங்கும் நைலான் துணி, இரண்டு பட்டை, இரண்டு கொக்கி. கூடவே சுருட்டி வைத்த ஒரு ஸ்லீப்பிங் பேக். ஆன்லைனில் ஆர்டர் போட்டால் வீட்டு வாசலுக்கே வந்துவிடுகிறது. வந்த பார்சலைப் பிரிக்கும்போது இந்தப் பக்கத்து வீடுகளில் இப்படி ஒரு பேச்சு நடக்கலாம்.

"ஏய்யா, இது நம்ம தொட்டில் மாதிரில்ல இருக்கு? இதுலயா மலையில போய்ப் படுக்கப் போற?"

"ஆமா அப்பத்தா. போர்வையும் இருக்கு. அஞ்சு டிகிரி வரைக்கும் தாங்கும்னு போட்டிருக்கான்."

"அது மேல போத்திக்க. முதுகுக்கு என்ன விரிப்ப?"

பேரன் சிரித்துவிட்டுப் போய்விடலாம். ஆனால் தூளிப் படுக்கையில் குளிரைப் பற்றிக் கேட்க வேண்டிய முதல் கேள்வி அப்பத்தா கேட்டதுதான். பார்சலில் அச்சிட்டிருக்கும் அந்த '5' அதற்குப் பதில் சொல்வதில்லை.

எதிரே மலை, ஆனால் படுக்க முடியாது

கண்ணெதிரே மலை இருக்கும்போது வேறு ஊருக்கு ஏன் போக வேண்டும்? காரணம் இருக்கிறது. வன்னியம்பட்டியிலிருந்து தெரியும் காடு சாதாரணக் காடு அல்ல. சாம்பல் நிற அணில்களின் சரணாலயமாக இருந்த பகுதியும் மேகமலையும் சேர்ந்து, 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம் ஆகிவிட்டன. தமிழ்நாட்டின் ஐந்தாவது புலிகள் காப்பகம் இது. யானையும் சிறுத்தையும் நடமாடும் இடத்தில் நினைத்த மரத்தில் தூளி கட்டிப் படுக்க முடியாது. அது சட்டப்படி குற்றம், உயிருக்கும் ஆபத்து.

2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத் தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்டோர் இறந்ததைத் தமிழ்நாடு மறக்கவில்லை. அதன் பிறகுதான் மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. 2024-ல் 'ட்ரெக் தமிழ்நாடு' என்ற பெயரில் 40 பாதைகளை வனத்துறை முறைப்படி திறந்தது. வழிகாட்டியோடு போகலாம், திரும்பி வந்துவிட வேண்டும்.

அதனால் தூளியில் படுத்து ராத்திரியைக் கழிக்க நினைப்பவர்கள், அனுமதி பெற்ற முகாம்களும் தோட்டத் தங்குமிடங்களும் உள்ள மலை ஊர்களைத் தேடிப் போகிறார்கள். வன்னியம்பட்டிக்காரர்களுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது கொடைக்கானல். கிருஷ்ணன்கோவில், டி.கல்லுப்பட்டி, உசிலம்பட்டி, வத்தலக்குண்டு என்று போய் மலை ஏறினால் வந்துவிடும். 2024 மே மாதத்திலிருந்து கொடைக்கானலுக்கு இ-பாஸ் எடுத்துத்தான் போக வேண்டும். தங்கப் போகும் முகாமுக்கு உண்மையிலேயே அனுமதி இருக்கிறதா என்பதையும் முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.

இரண்டு கிலோமீட்டர் உயரம், பதின்மூன்று டிகிரி

கிளம்புவதற்கு முன் ஒரு சின்னக் கணக்கு. உயரம் ஒவ்வொரு 1,000 மீட்டர் கூடும்போதும் வெப்பநிலை சராசரியாக ஆறரை டிகிரி செல்சியஸ் குறையும். ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 150 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கொடைக்கானல் ஏறக்குறைய 2,100 மீட்டர். வித்தியாசம் சுமார் 2,000 மீட்டர், அதாவது 13 டிகிரி.

தை மாதத்து விடியற்காலையில் வன்னியம்பட்டியில் 21 டிகிரி என்றால், அதே நேரத்தில் கொடைக்கானலில் சுமார் 8 டிகிரி இருக்கும் என்று எதிர்பார்க்கலாம். இது சராசரிக் கணக்கு. மேகம் இல்லாத இரவில் தரை தன் சூட்டை வானத்துக்குக் கொடுத்துவிடும். கனமான குளிர்காற்று சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். கொடைக்கானல் ஏரியைச் சுற்றிய தாழ்வான புல்வெளிகளில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் உறைபனி படிவது அதனால்தான். ஊட்டியிலும் இதே கதை. ஆகவே பள்ளத்தில் தூளி கட்டுவதைவிட, காற்று மறைவான சரிவில் கொஞ்சம் மேலே கட்டினால் ஓரிரண்டு டிகிரி மிச்சம்.

மதியம் வியர்க்க வியர்க்கக் கிளம்பி, ராத்திரி எட்டு டிகிரியில் படுக்கும் உடம்புக்கு இது பெரிய தாவல். தினமும் குளிரில் வாழ்பவருக்கு எட்டு டிகிரி ஒரு சாதாரண இரவாக இருக்கலாம். மின்விசிறிக்கு அடியிலேயே வளர்ந்தவருக்கு அப்படி இல்லை.

பையில் இருக்கும் எண் யாருடையது?

ஸ்லீப்பிங் பேக்கில் போட்டிருக்கும் டிகிரி எண்ணுக்கு ஒரு வரலாறு உண்டு. ஒரு காலத்தில் ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு எண் போட்டது. 2002-ல் ஐரோப்பாவில் ஒரு பொது அளவுகோல் வந்தது. 2016-ல் அது ஐஎஸ்ஓ 23537 என்ற உலகத் தரமாக மாறியது. சோதனைக்குப் படுப்பது மனிதர் அல்ல, ஒரு பொம்மை. ஆள் உயரம், உடம்பெல்லாம் சூடேற்றும் கம்பிகளும் வெப்பமானிகளும். அதற்கு உள்ளாடையும் காலுறையும் போட்டு, பைக்குள் படுக்க வைத்து, குளிர் அறையில் எவ்வளவு சூடு வெளியேறுகிறது என்று அளப்பார்கள்.

அதிலிருந்து மூன்று எண்கள் வரும்.

முதலாவது 'கம்ஃபர்ட்'. சராசரி உடல்வாகு உள்ள ஒரு பெண், கை காலைத் தளர்த்தி நிம்மதியாகத் தூங்கக்கூடிய வெப்பநிலை.

இரண்டாவது 'லிமிட்'. சராசரி உடல்வாகு உள்ள ஒரு ஆண், முடங்கிச் சுருண்டு படுத்து, எட்டு மணி நேரம் எப்படியோ ஒப்பேற்றக்கூடிய எல்லை.

மூன்றாவது 'எக்ஸ்ட்ரீம்'. இந்தக் குளிரில் ஒரு பெண் ஆறு மணி நேரம் உயிர் தப்பலாம், ஆனால் உடல் வெப்பம் ஆபத்தாக இறங்கும் வாய்ப்பு உண்டு என்ற எல்லை.

ஒரே பைக்கு இவை 10, 6, மைனஸ் 7 என்று இருக்கலாம். வாங்குபவர் கண்ணில் முதலில் படுவது மைனஸ் 7. 'மைனஸ் வரைக்கும் தாங்குமாம்' என்று நம்பி 8 டிகிரிக்குப் போகும் பெண் இரவு முழுக்க நடுங்குவார். பை பொய் சொல்லவில்லை. அவர் படித்தது உயிர் தப்பும் எண்ணை, அவருக்குத் தேவைப்பட்டது தூங்கும் எண். மூன்றும் போடாமல் ஒற்றை எண் மட்டும் போட்டிருந்தால், அதைக் கம்ஃபர்ட் என்று நினைத்துக்கொள்ளக் கூடாது. எதிர்பார்க்கும் குளிரைவிட ஐந்து டிகிரி குறைவாகக் கம்ஃபர்ட் எண் உள்ள பையை எடுப்பது, முதல்முறை போகிறவர்களுக்குப் பாதுகாப்பு.

இதில் இன்னொரு விஷயம் ஒளிந்திருக்கிறது. அந்தச் சோதனைப் பொம்மை படுத்திருப்பது வெறும் தரையில் அல்ல, குளிர் ஏறாத ஒரு மெத்தை விரிப்பின் மேல். பையில் உள்ள எண் முழுவதும் அந்த விரிப்பை நம்பி நிற்கிறது. தூளியில் அந்த விரிப்பு எங்கே?

அப்பத்தாவின் கேள்வி

போர்வை சூடு தருவதில்லை. சூடு தருவது உடம்பு. தூங்கும் ஒரு ஆள், பழைய 75 வாட் குண்டு பல்பு அளவுக்குச் சூட்டை வெளியிட்டுக்கொண்டே இருக்கிறார். அந்தச் சூடு ஓடிவிடாமல் பிடித்து வைப்பது, பஞ்சுக்கும் இழைக்கும் நடுவே சிக்கியிருக்கும் அசையாத காற்று. போர்வை எவ்வளவு உப்பி நிற்கிறதோ அவ்வளவு காற்று, அவ்வளவு கதகதப்பு.

தூளியில் படுத்தவுடன் முதுகு, இடுப்பு, தோள் எல்லாம் பையின் அடிப்பக்கத்தை நசுக்கிவிடும். காற்று வெளியேறி, உப்பியிருந்த இடம் வெறும் துணியாகிவிடும். தரையில் படுத்தால் கீழே மண்ணாவது இருக்கிறது. தூளியில் கீழே இருப்பது காற்று, அதுவும் ஓடுகிற காற்று. அது முதுகின் சூட்டை நொடிக்கு நொடி வாரிக்கொண்டு போகும். மேலே ஐந்து டிகிரி தாங்கும் போர்வை, கீழே ஒன்றுமில்லை. விடிய மூன்று மணிக்கு இடுப்பிலிருந்து ஏறும் குளிருக்கு இதுதான் காரணம். கொடைக்கானல்கூட வேண்டாம். 20 டிகிரிக்குக் கீழே போனாலே தூளியில் பலருக்கு முதுகு சில்லிட ஆரம்பிக்கும்.

இதை நம் வீடுகள் எப்போதோ கண்டுபிடித்துவிட்டன. குழந்தையைத் தொட்டிலில் போடும் முன் பழைய வேட்டியை நாலாக மடித்து அடியில் விரிப்பார்கள். ஈரத்துக்கும் ஆச்சு, மார்கழிக் குளிருக்கும் ஆச்சு.

பெரியவர்களின் தூளிக்கு இரண்டு வழிகள். ஒன்று, அடர்ந்த ஃபோம் விரிப்பைத் தூளிக்குள் போட்டுப் படுப்பது. செலவு குறைவு, நனைந்தாலும் கெடாது. ஆனால் தூளி தோளைச் சுற்றி வளைத்துக்கொள்ளும். விரிப்பு குறுகலாக இருந்தால் தோளும் முழங்கையும் வெளியே நின்று குளிரும். இரவில் புரளும்போது விரிப்பு நழுவவும் செய்யும்.

இன்னொன்று, 'அண்டர்குயில்ட்'. அடிப்போர்வை என்று சொல்லலாம். இது தூளிக்கு உள்ளே இல்லை, வெளியே, அடியில் தொங்கும். உடம்பு அதை நசுக்காததால் உப்பிய காற்று அப்படியே இருக்கும். தூளியோடு ஒட்டினாற்போல் இருக்க வேண்டும். இடைவெளி விட்டால் நடுவே காற்று புகுந்து ஓடும், இறுக்கிக் கட்டினால் மறுபடியும் நசுங்கும். கையை உள்ளே விட்டுப் பார்த்து, வெற்றிடம் இல்லாமலும் அழுத்தம் இல்லாமலும் கட்டுவதில்தான் சூட்சுமம்.

எண்களிலும் ஒரு எச்சரிக்கை. தரை விரிப்புகளுக்கு 'ஆர் வேல்யூ' என்று ஒரு அளவு உண்டு. 2018-க்குப் பிறகு அதை அளக்க ஒரு பொது முறையும் வந்துவிட்டது. எண் கூடக் கூட காப்பு கூடும், இரண்டு விரிப்பை அடுக்கினால் இரண்டு எண்ணையும் கூட்டிக்கொள்ளலாம். அடிப்போர்வைக்கு அப்படி ஒரு பொதுத் தரம் இல்லை. தைத்து விற்பவர் தன் அனுபவத்தில் போடும் எண்தான். மேல் போர்வையும் அடிப்போர்வையும் ஒரே டிகிரி என்று போட்டிருந்தாலும், இரண்டும் ஒரே பரீட்சை எழுதி வாங்கிய மதிப்பெண் அல்ல. அடிப்போர்வைக்கு இன்னும் கொஞ்சம் தாராளமாக விட்டுக் கணக்குப் போட வேண்டும்.

பஞ்சு ஊருக்குத் தெரிந்த பஞ்சு

ராஜபாளையம் நூற்பாலைகளின் ஊர். பக்கத்திலேயே சத்திரப்பட்டி, மருத்துவமனைகளுக்குப் போகும் பேண்டேஜ் துணிக்குப் பெயர் பெற்றது. பருத்தியைப் பற்றி இந்தப் பக்கத்தவர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஈரத்தைச் சட்டென்று உறிஞ்சிக்கொள்வதுதான் பேண்டேஜ் துணியின் சிறப்பு. அதே குணம்தான் குளிரில் வில்லன். வியர்வையோ பனியோ பட்டால் பருத்தி அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். காற்று இருந்த இடத்தில் தண்ணீர் உட்கார்ந்துவிடும். தண்ணீர் காற்றைவிடப் பல மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். பகலில் போட்ட பனியனோடு அப்படியே படுப்பவர் அதனால்தான் கூடுதலாக நடுங்குகிறார். படுக்கும் முன் உலர்ந்த உடைக்கு மாறுவது, இன்னொரு போர்வை வாங்கியதற்குச் சமம்.

போடிநாயக்கனூர் பக்கத்து இலவம் பஞ்சு வேறு ரகம். அதன் இழை உள்ளே குழாய்போல வெற்றிடம், அதில் நிறைய காற்று. மேலே மெழுகுப் பூச்சு இருப்பதால் தண்ணீர் எளிதில் ஒட்டாது. ஒரு காலத்தில் கடலில் மிதக்கும் உயிர்காக்கும் சட்டைகளுக்குள் அடைத்தது இதைத்தான். ஆனால் உடம்பின் எடையில் அமுங்கிவிடும், முதுகில் சுமக்கவும் பெரிய மூட்டை.

வாத்து இறகு எடை குறைவு, உப்பல் அதிகம், விலையும் அதிகம். நனைந்தால் கட்டியாகிவிடும். மூடுபனி இறங்கும் மலைகளில் அதைப் பொத்திப் பொத்திக் காக்க வேண்டும். செயற்கை இழை கொஞ்சம் கனம், ஆனால் ஈரத்திலும் ஓரளவு வேலை செய்யும். முதல்முறை போகிறவர்களுக்கு அதுவே போதும்.

கம்பளியை மறந்துவிடக் கூடாது. கொடைக்கானலைத் தாண்டி மன்னவனூரில் 1965 முதல் மத்திய அரசின் ஆட்டு ரோம ஆராய்ச்சி மையம் இயங்குகிறது. மேரினோ வகை ஆடுகள் அந்தப் புல்வெளியில் மேய்வதைச் சுற்றுலாப் பயணிகள் பார்த்துவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு வருகிறார்கள். கம்பளி தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உள்வாங்கிய பிறகும் தோலுக்கு நசநசப்புக் காட்டாது. அடிப்போர்வை வாங்க வசதி இல்லாதவர், ஃபோம் விரிப்பின் மேல் ஒரு கம்பளியை மடித்துப் போட்டால் முதுகு நன்றி சொல்லும்.

எண்ணுக்குத் தெரியாத ஆட்கள்

சோதனைப் பொம்மைக்குப் பசி இல்லை, களைப்பு இல்லை, வயதும் ஆகாது. வீட்டோடு மலைக்குப் போகும்போது இது முக்கியம். ஒல்லியானவர்கள், வயதானவர்கள், களைத்தவர்கள், சாப்பிடாமல் படுப்பவர்கள் எல்லாருக்கும் அந்த எண்ணைவிடக் கூடுதலாகக் குளிரும். குழந்தைகளுக்கு அந்தத் தரம் பொருந்தவே பொருந்தாது. அவர்களை எட்டு டிகிரியில் தூளியில் தொங்கவிட வேண்டாம், அறைக்குள் அம்மா பக்கத்தில் படுக்கட்டும்.

உடம்பு என்ற அடுப்புக்கு விறகு சாப்பாடு. படுக்கும் முன் நெய்யோ பாலோ சேர்ந்த ஏதாவது கொஞ்சம் உள்ளே போனால் இரவு முழுக்க எரியும். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள் பையில் பால்கோவா வைத்துக்கொண்டு போவதற்கு இதைவிட நல்ல சாக்கு கிடைக்காது. வெந்நீரைக் கசியாத பாட்டிலில் ஊற்றி, சாக்ஸுக்குள் போட்டுக் காலடியில் வைத்துக்கொள்வதும் பலன் தரும். மது வேண்டாம். அது தோலுக்கு ரத்தத்தை ஓடவிட்டுச் சூடாக இருப்பதுபோல் காட்டும். உண்மையில் உள்ளே இருக்கும் சூட்டைத்தான் வெளியே விரட்டும்.

கரியடுப்பை மட்டும் கூடாரத்துக்குள்ளோ அறைக்குள்ளோ கொண்டுபோகவே கூடாது. குளிருக்காக மூடிய அறையில் கரி மூட்டிப் படுத்து, காலையில் எழாமலே போனவர்கள் உண்டு. கரிப்புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை.

உடலின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போனால் அது நோய். விடாத நடுக்கம், குழறும் பேச்சு, தடுமாறும் கால் ஆகியவை அறிகுறிகள். நடுங்கிக்கொண்டிருந்தவர் சூடாகாமலேயே நடுக்கத்தை நிறுத்திவிட்டால் நிலைமை மோசம் என்று அர்த்தம். ஈர உடையை மாற்றி, உலர்ந்த போர்வையில் சுற்றி, கீழேயும் கனமாக விரித்து, தெளிவாக இருந்தால் சூடான இனிப்புப் பானம் கொடுத்து, உடனே 108-ஐ அழைக்க வேண்டும். அந்த இரவில் 'வீரம்' பேசிக்கொண்டு தூளியிலேயே கிடப்பது புத்திசாலித்தனம் அல்ல. எழுந்து அறைக்குள் போய்விடலாம். திரும்பிப் போக ஒரு கூரை இருக்கும் இடத்தில்தான் முதல் தூளி இரவைக் கழிக்க வேண்டும்.

முதல் பரீட்சை வீட்டில்

இத்தனைக்கும் மேல் ஒரு சோதனை இருக்கிறது, காசு செலவில்லாதது. மார்கழி விடியலில் ஆண்டாள் கோயிலுக்குக் கிளம்புகிறவர்கள் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொள்ளும் நேரம். வன்னியம்பட்டியில் 20 டிகிரியை ஒட்டி இறங்கும் அந்தக் குளிரே போதும்.

வீட்டு முற்றத்தில் இரண்டு வலுவான மரங்கள், அல்லது மரமும் தூணும். பட்டையை அகலமாகச் சுற்றி, விழுந்தாலும் அடிபடாத உயரத்தில் தூளியைக் கட்ட வேண்டும். முதல் நாள் அடியில் ஒன்றும் இல்லாமல் படுத்துப் பார்க்கலாம். எத்தனை மணிக்கு, உடம்பின் எந்த இடத்தில் குளிர் தொடங்குகிறது என்று கவனிக்க வேண்டும். அடுத்த நாள் விரிப்போடு, அதற்கடுத்த நாள் அடிப்போர்வையோடு. மூன்று இரவில் தன் உடம்பின் எண் என்ன என்பது தெரிந்துவிடும். பார்சலில் அச்சிட்ட எண்ணைவிட அது நம்பகமானது. இங்கேயே முதுகு குளிர்ந்தால், இன்னும் 13 டிகிரி கீழே என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம். தாங்காவிட்டால் பத்தடி நடந்து வீட்டுக்குள் போய்விடலாம், கேலி செய்ய நாய் மட்டும்தான் விழித்திருக்கும்.

மலை எங்கும் போய்விடாது. மேற்கே அப்படியே நின்றுகொண்டிருக்கும். கிளம்பும் நாளில் பையை முதுகில் மாட்டும்போது அப்பத்தா மறுபடி கேட்பார், "முதுகுக்கு என்னய்யா எடுத்திருக்க?" அதற்குக் கையில் பதிலோடு கிளம்புகிறவர் கொடைக்கானலில் நன்றாகத் தூங்கி எழுவார்.